கீரை வடித்த தண்ணீர்

2 பெப்ரவரி, ஞாயிறு

பாரிஸுக்கு வெளியே, பொண்டியில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய் வந்தேன். அக்காவின் மாமியார் நாகேஸ்வரி பின்வளவில் பிளாஸ்டிக் கூடாரம் போட்டு, இந்தக் குளிரிலும் எப்பினார் என்கிற இங்கத்தையப் பசளிக் கீரை வளர்க்கிறா. மூட்டை மூட்டையாகக் கோழி எரு. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். "மருந்தே அடிக்கிறேல்லை தம்பி, எல்லாம் இயற்கை." பாரிஸ் லா ஷப்பலில் இருக்கிற தமிழ்க் கடைக்காரர் அடித்துப் பிடித்து வாங்குகிறார்களாம்.

இயற்கை! வெயிலே எட்டிப் பார்க்காத மாதத்தில் இவ்வளவு எருவைக் கொட்டினால், அதிலிருந்து வரும் நைட்ரேட்டைச் செடி என்ன செய்யும்? புரதமாக மாற்ற வெளிச்சம் வேண்டும். இல்லாவிட்டால் அப்படியே சாற்றில் தேக்கி வைத்திருக்கும். தளதளவென்று நிற்பது சத்தினால் இல்லை. பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், அதற்குள் கரைந்த நைட்ரேட். அவ்வளவுதான்.

பெரியவர்கள் தின்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது. தின்னட்டும். சோதித்துப் பார்க்க ஒரு கட்டு எடுத்து வந்தேன்.

4 பெப்ரவரி, செவ்வாய்

வேலை முடிந்ததும், மரக்கறி சோதிக்கிற எங்கள் லாபிலேயே பார்த்தேன். கிலோவுக்கு நாலாயிரத்து எழுநூறு மில்லிகிராம் நைட்ரேட். விற்பனைக்கு இங்கே வரம்பு மூவாயிரத்து ஐந்நூறு. இயற்கையாம்.

9 பெப்ரவரி, ஞாயிறு

மறுபடியும் பொண்டி. கோபத்தோடுதான் திரும்பி வந்தேன்.

குசினியில் ஒரு பாற்போத்தல், பச்சை நிறத்தில், சூடாக வைக்கிற மெஷினுக்குள். அக்காவின் மகள் அக்‌ஷராவுக்காம். ஐந்து மாதப் பிள்ளை! ஒரு மாதம் முந்திப் பிறந்தவள், இரும்புச் சத்துக் குறைவு. அதற்கு மாமியின் வைத்தியம்: கீரையை அவித்து, வடித்த தண்ணீரில் பால்மா கரைத்து, காலையிலிருந்து பின்னேரம் வரை இளஞ்சூட்டில் வைத்துப் பருக்குவது.

"சத்தெல்லாம் வடிச்ச தண்ணியிலதானே இருக்கு. கொட்டலாமோ?"

தண்ணீருக்குள் இரும்பு இறங்காது, நைட்ரேட்தான் இறங்கும். இளஞ்சூட்டில் கிடக்கக் கிடக்கக் கிருமிகள் அதை நைட்ரைட் ஆக்கும். பிறகு பிள்ளையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்காது. உதடு நீலமாகும். ஆஸ்பத்திரி.

இதை இப்படியே சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: "மாமி, பேத்திக்கு நஞ்சு காய்ச்சிறியளோ?"

அத்தான் பிரசாந்தன் சாப்பாட்டுக் கோப்பையோடு எழும்பிப் போனார். மாமி அசையவில்லை. "மூண்டு பிள்ளையள் வளர்த்தனான். நீ லாப்பில போத்தில் கழுவுறனியோ என்னவோ."

போத்தல் கழுவுறனானாம்! அந்த மூன்றும் யாழ்ப்பாண வெயிலில் விளைந்த கீரையைத் தின்றவை. அதுவும் பல் முளைத்த பிறகு. இதையெல்லாம் யாருக்குச் சொல்ல?

10 பெப்ரவரி, திங்கள்

அக்கா போன் எடுக்கவில்லை.

11 பெப்ரவரி, செவ்வாய்

தர்மிளா அக்கா தானாகவே வந்தாள். ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு கடையில் தேத்தண்ணி குடித்தோம்.

"எனக்கு விளங்குது. ஆனா என்ர தம்பி சொன்னானெண்டு மாமியின்ர போத்திலைக் கொட்டேலுமோ? பெட்டை வீட்டுக்காரர் நாட்டாமைக்கு வந்திட்டினம் எண்டு சொல்லுவினம். நீ வேற நஞ்செண்டிட்டாய்."

"அப்ப பிள்ளை சாகட்டுமோ?"

"வாயைக் கழுவடா! நான் நிக்கிற நேரம் ஒளிச்சு ஊத்திப்போட்டு வேற பால் குடுக்கிறன். வேலைக்குப் போற நாளில என்ன செய்ய?"

ஒரு குடும்பம். எல்லோருக்கும் பிள்ளை உயிர். ஆனால் பிள்ளையை விட மரியாதை பெரிது! வியாழன் வரைக்கும் அக்காவை லீவு போட வைத்தேன். வியாழன் பெஎம்ஈ என்கிற அரசாங்கத் தாய்சேய் நிலையத்தில் பிள்ளையை நிறுத்துப் பார்க்கிற நாள். மாமியும் போகிறாவாம்.

12 பெப்ரவரி, புதன்

பெஎம்ஈக்குப் போன் அடித்தேன். ஆன்ஜெலிக் என்று ஒரு தாதி. எல்லாவற்றையும் சொன்னேன். என் பெயரை எடுக்க வேண்டாம், போத்தலில் என்ன கொடுக்கிறீர்கள் என்று சும்மா கேளுங்கள், 'நஞ்சு' என்ற சொல் மட்டும் வரவே கூடாது என்றேன்.

"அதை யார் சொன்னது?" என்று கேட்டாள்.

"ஒரு மடையன்."

16 பெப்ரவரி, ஞாயிறு

பொண்டியில் மதியச் சாப்பாடு. அக்‌ஷரா அத்தானின் மடியில். பெஎம்ஈயில் இரும்புச் சொட்டுமருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். போத்தலில் வெள்ளைப் பால்.

மாமி எனக்கு வகுப்பு எடுத்தா. "ஆன்ஜெலிக் என்ர தோட்டத்தைப் பற்றி எவ்வளவு விசாரிச்சவ தெரியுமே? பிறகுதான் சொன்னா, மாரிக் கீரைக்கு வெளிச்சம் காணாதாம். வடிச்ச தண்ணி குழந்தையளுக்குக் கூடாதாம். கடைக்காரருக்கும் சொல்லிப்போட்டன், கைக்குழந்தை இருக்கிற சனத்துக்குச் சொல்லி வில்லுங்கோ எண்டு."

நான் சொன்னதேதான்! அட்சரம் பிசகாமல்! என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அக்கா தலையை நிமிர்த்தவேயில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

மாமி விடவில்லை. "நீயும் மரக்கறி சோதிக்கிற லாப்பிலதானே இருக்கிறாய். ஒரு நாளாவது ஒழுங்காச் சொன்னனியோ?"

"இல்லை மாமி," என்றேன்.

கோழிக்கறி இன்னொரு துண்டு போட்டா.