முருகைக்கல் காளவாயும் எங்கள் கிணறும்

அனுப்புநர்:
பழனாத்தாள் (வயது 44),
க/பெ. காலஞ்சென்ற சின்னையன், விவசாயி,
பெருமாட்டி, சித்தூர் தாலுகா.

பெறுநர்:
உயர்திரு தாசில்தார் அவர்கள்,
தாலுகா அலுவலகம், சித்தூர்.

பொருள்: காளவாயின் கெட்ட காற்று எங்கள் கிணற்றில் இறங்கி என் கணவர் இறந்தது – வருகிற வெள்ளிக்கிழமை அதே கிணற்றில் ஆள் இறங்குவதைத் தடுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு மலையாளத்தில் எழுத வராது. தமிழில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள் என்று சொன்னதால் நானே எழுதுகிறேன். பிழையைப் பொறுத்து, விஷயத்தை மட்டும் பார்க்க வேண்டுகிறேன்.

1. எங்கள் தென்னந்தோப்பின் மேட்டில், கிணற்றுக்கு முப்பது அடி தள்ளி, வீரபாண்டி என்பவர் மூன்று ஆண்டுகளாகச் சுண்ணாம்புக் காளவாய் நடத்துகிறார். தூத்துக்குடிப் பக்கம் கடலில் பவளப் பாறையிலிருந்து வெட்டிய முருகைக்கல் அவருக்கு லாரியில் வருகிறது. மேலெல்லாம் பூ வைத்தது போன்ற வெள்ளைக் கல். கரியோடு அடுக்கி இரவும் பகலும் சுடுகிறார்கள். போன தை மாதம் பக்கத்திலேயே இரண்டாவது காளவாயும் கட்டிவிட்டார்.

2. கிணற்றுக்கு இருபத்திரண்டு படிகள். கோடையில் தூர் வார இறங்குமுன் மேல் படியில் கன்னிமாருக்குக் கற்பூரம் ஏற்றுவது எங்கள் வழக்கம். அது நின்று எரிந்தால் கிணறு உத்தரவு கொடுத்ததாக எடுத்துக்கொள்வோம். 1973 மே மாதம் கற்பூரம் ஏற்றியது நான். "ஏனுங்க, நல்லா நின்னு எரியுதுங்க, எறங்குங்க" என்று சொன்னதும் நான்தான்.

3. என் கணவர் பதினான்காம் படி வரை இறங்கினார். அங்கே உட்கார்ந்தார். களைப்பாறுகிறார் என்று நினைத்தேன். மேலே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தூக்கம் வந்தவர் போலத் தலையைச் சுவரில் சாய்த்தார். பிறகு சரிந்து விழுந்தார். கயிற்றில் கொக்கி போட்டுத்தான் எடுத்தார்கள். விசாரணைக்கு வந்தவர் "நீரில் மூழ்கி" என்று எழுதிக்கொண்டு போனார். அன்றைக்குத் தண்ணீர் முழங்கால் அளவுதான், ஐயா. என் கணவர் ஆறடி ஆள்.

4. அதன் பிறகு தினமும் காலையில் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கிறேன். அப்போது பதினான்காம் படியில் அணைந்தது. மார்கழிக் காற்றில் பதினேழுக்கு இறங்கியது. பங்குனியில் காற்று நின்றதும் ஏறத் தொடங்கியது: பத்து, எட்டு, ஆறு. கிணற்றுச் சுவரில் கூடு கட்டியிருந்த புறாக்களும் அதே வரிசையில் போயின. முதலில் அடிக் கூடு, பிறகு அதற்கு மேல் கூடு. புகை இல்லை, நாற்றம் இல்லை. எட்டிப் பார்த்தால் தண்ணீர் கண்ணாடி போல இருக்கிறது. தவளைச் சத்தம் கேட்டு ஒரு வருடம் ஆகிறது.

5. தண்ணீர் தெளியும் என்று சொல்லிக் காளவாயிலிருந்து கொடுத்த முருகைக்கல் ஒன்றை வலைப்பையில் கட்டிக் கிணற்றில் தொங்கவிட்டிருந்தோம். இரண்டு கை நிறைய இருந்த கல். போன வாரம் தூக்கினால் ஒரு கைக்குள் அடங்குகிறது. பூவெல்லாம் அழிந்து, தேய்ந்த சோப்புக் கட்டியாகிவிட்டது. சித்தூரில் ரசாயனம் கற்பிக்கும் இன்னாசிராஜ் வாத்தியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கடற்கரை ஊர்க்காரர். நேரில் வந்து, தெளிந்த சுண்ணாம்பு நீரைக் கிண்ணத்தில் ஊற்றிக் கயிற்றில் இறக்கினார். பால் போல வெளுத்து வந்தது. கடல்நீரில் கரைந்து கிடப்பதை எடுத்துத்தான் சின்ன உயிர்கள் அந்தக் கல்லைக் கட்டுகின்றனவாம். சுட்டால் கல்லுக்குள் இருந்த கரிக்காற்று, அதாவது கரியமில வாயு, வெளியே வருகிறது. அது கனமானது, பள்ளம் பார்த்து இறங்கி உட்காரும். தண்ணீரில் கரைந்து அதை லேசாகப் புளிக்கவைக்கும். புளித்த நீர் அந்தக் கல்லையே தின்னும். கடலிலும் இந்தக் காற்று அளவுக்கு மீறிக் கரைந்தால் அங்குள்ள கல்லும் இப்படித்தான் இளைக்கும் என்றார். கடலுக்காக மனு கொடுக்க எனக்கு வகையில்லை. கிணற்றுக்காகக் கொடுக்கிறேன்.

6. வீரபாண்டி இதெல்லாம் கன்னிமார் குற்றம் என்கிறார். பூசை போட்டு, மேல் படியில் கற்பூரம் ஏற்றி, தம்மிடம் கூலிக்கு இருக்கும் நல்லமுத்து, அர்த்தநாரி இருவரையும் வெள்ளிக்கிழமை காலை இறக்கித் தூர் வாரிக் காட்டுவாராம். கற்பூரம் எரியும், ஐயா. மேல் படியில் அது எப்போதும் நன்றாகத்தான் எரியும். நல்லமுத்துவின் மனைவியிடம் போய்ச் சொன்னேன். புருஷனை இழந்தவள் புத்தி பேதலித்துப் பேசுகிறாள் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. சென்ற ஆண்டு யாராவது வந்து சொல்லியிருந்தால் நானும் சாத்தியிருப்பேன்.

7. ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் தாங்கள் நேரில் வந்து, ஆள் இறங்குவதைத் தடுத்து, இரண்டு காளவாயையும் அணைக்க உத்தரவிட வேண்டும். "நீரில் மூழ்கி" என்பதையும் திருத்தித் தர வேண்டும். அவருக்கு நன்றாக நீந்தத் தெரியும்.

தாங்கள் வரும்வரை யாரும் இறங்காதபடி நான் மேல் படியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இந்த மனுவையும் அங்கிருந்தே எழுதுகிறேன். இன்று காலை விளக்கு மூன்றாம் படியில் அணைந்தது. என் கால் இருப்பது இரண்டாம் படியில்.

இடம்: பெருமாட்டி
நாள்: 23.4.1974

இப்படிக்கு,
பணிவுடன்,
சி. பழனாத்தாள்