மூன்று நாள் யாரும் தட்ட வேண்டாம்

பதிவு 1. 9 அக்டோபர் 2091, 07:10. ஒக்கவாங்கோ சதுப்புநிலம்.
எழுதுவது நீரியலாளர் இன்பவல்லி. வாகனம் மொகோரோ; உட்கார்ந்தால் இடுப்பு ஒடியும் ஒல்லிப் படகு. பின்னால் நின்று கழி ஊன்றித் தள்ளுபவர் மோத்துசி. நீர்யானைகள் அழிந்தபின் நாணலை விலக்கித் தண்ணீரைப் பங்கிடுவது இயந்திரங்கள். முகாமில் அவற்றுக்கு எருமை என்று பெயர். அவை தமக்குள் பேசுவதை நீருக்கடியில் மைக் போட்டுக் கேட்பது என் வேலை.

பதிவு 2. 11:40.
வளைவுக்கு வளைவு மோத்துசி கழியால் படகைத் தட்டுகிறார். நீர்யானைக்கு எச்சரிக்கையாம், பழைய வழக்கமாம். நீர்யானையே இல்லையே ஐயா! ஒலிப்பதிவு முழுக்க டொக் டொக். ஒரே கடுப்பு. அவர் ஊருக்கும் சொல்லிவிட்டேன்: மூன்று நாள் எந்தப் படகிலும் யாரும் தட்ட வேண்டாம். மோத்துசியோடு சேர்த்து 214 பேர். முகம் சுளித்தாலும் சரி என்றார்கள்.

பதிவு 3. 12 அக்டோபர், 12:30. வெயில் 43 டிகிரி.
எருமைகள் மூன்று நாளாக வாயே திறக்கவில்லை. இப்போது தண்ணீர் இறங்கி, படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. மைக் கிடக்கும் குழியில் மட்டும் கொஞ்சம் ஈரம். மோத்துசி தன் கை வானொலியை எடுத்துக்கொண்டு ஊரைப் பார்க்க நடந்துவிட்டார். தன் தண்ணீர்ப் புட்டியைக்கூடப் படகிலேயே மறந்துவிட்டார். இந்த ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பதிவு 4. 12:55.
முகாமிலிருந்து என் உதவியாளர் தணிகாசலம் வானொலியில்: "மேடம், எருமையோட பழைய கையேட்டைத் தோண்டி எடுத்தேன். படகுல தட்டுற சத்தத்தை வெச்சுத்தான் அதுங்க ஆள் கணக்கே எடுக்குது. மூணு நாள் சத்தம் வரலேன்னா அங்க மனுஷங்களே இல்லேன்னு வாய்க்காலை மூடிடும். யாரு மேடம் தட்ட வேணாம்னு சொன்னது?"
கழியை எடுத்தேன்.

பதிவு 5. 14:20.
குழிக்குள் கழியை ஊன்றிப் படகோடு சேர்த்துத் தட்டினேன். எருமை வந்தது. "ஒருவர். புதியவர்." வேகமாக, மெதுவாக, இடது கையால் தட்டிப் பார்த்தேன். "அதே ஆள்." சனியனே, ஒரு ஊரே இருக்கிறது! கை தோல் உரிந்துவிட்டது. ஓர் ஆளுக்கான பங்காகக் குழியில் முழங்கால் அளவு தண்ணீர் விட்டிருக்கிறது.

பதிவு 6. 14:45.
தணிகாசலம்: "மோத்துசி ஊருக்குப் போய்ச் சேந்துட்டாரு. அங்க படகெல்லாம் காஞ்ச சேத்துல. தட்டினா எருமைக்குக் கேக்காது. தண்ணி இருக்கறது உங்ககிட்டதான், அவரோட எல்லாரும் அங்கயே நடந்து வராங்க. தட்டுறதை மட்டும் நிறுத்திடாதீங்க மேடம்."

பதிவு 7. 17:30.
வந்துவிட்டார்கள். வரிசையாகத் தட்டுகிறார்கள். கைக்குழந்தையின் விரலைக்கூடக் கழியில் வைத்துத் தட்டினார்கள். எருமை எண்ணுகிறது. என்னை யாரும் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

பதிவு 8. 18:05.
"இருநூற்றுப் பதினான்கு," என்றது எருமை. வாய்க்கால் திறந்தது. படகு மிதக்கிறது. கணக்கு சரி என்று சிரித்துக்கூட விட்டேன்.
அந்த 214-இல் நானும் ஒருத்தி. அப்படியானால் ஊரில் ஒருவர் குறைகிறார்.
ஒரு பெண் வந்து மோத்துசியின் வானொலியை என் மடியில் வைத்துவிட்டுப் போகிறாள். அவர் புட்டி என் காலடியில்தான் கிடக்கிறது. அதில் தண்ணீர் நிறைய இருக்கிறது.