மேகம் வராத மூன்று இரவுகள்

வட்டவளை,
15.07.1999

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை பூரணி எழுதுவது.

வழக்கம்போல மேலே மாரியம்மன் துணை என்று போடவில்லை. கை வரவில்லை. இதை உட்கார்ந்து படியுங்கள் அண்ணா.

செவ்வாய்க்கிழமை போனில், அம்மா கோயிலுக்குப் போயிருப்பதாக அப்பா சொன்னார் அல்லவா, அது பொய். அம்மா சனிக்கிழமையே நம்மை விட்டுப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை அடக்கம் செய்தோம். அதைச் சொல்லத்தான் ஹட்டன் டவுனில் இருக்கும் போன் கடை வரைக்கும் போய் உங்களைக் கூப்பிட்டோம். நீங்கள் எடுத்ததுமே, “மூணு ராத்திரியும் ஒரு மேகம் வரலப்பா, அம்மாகிட்ட சொல்லுங்க” என்று கத்தினீர்கள். அம்மா எங்கே என்று வேறு கேட்டீர்கள். அப்பா என்னதான் செய்வார்? வாயில் வந்ததைச் சொல்லி, “சந்தோசம்யா” என்று வைத்துவிட்டு, அந்தக் கடையிலேயே உட்கார்ந்து அழுதார்.

உங்களுடைய போன கடிதத்தை நான்தான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வயது குறைந்த ஒரு நட்சத்திரம், அதைச் சுற்றித் தட்டு மாதிரித் தூசி, தூசிக்கு நடுவே வளையமாக ஒரு வெற்றிடம், அங்கே ஒரு கிரகம் தூசியை அள்ளி அள்ளி வளர்ந்துகொண்டிருக்கலாம், ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். எனக்குப் பாதிதான் விளங்கியது. அம்மாவோ சட்டென்று, “அப்ப புள்ள இன்னும் வயித்துக்குள்ளதான் இருக்கு” என்று சொல்லிச் சிரித்தார்.

மேகம் வந்தால் மூன்று இரவும் பாழ், மறுபடி அந்தத் தொலைநோக்கி கிடைக்க ஒரு வருடமாகும் என்று எழுதியிருந்தீர்களே, அதில்தான் வந்தது வினை. இந்த மாதத்து வட்டவளை மழை உங்களுக்குத் தெரியாததா? அம்மா பயந்துபோனார். மூன்று இரவுக்கு மூன்று நாள் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டார். தேயிலைக் கொழுந்து நிறுத்து முடிந்ததும் நேரே பீலிக்குப் போய், கொட்டுகிற குழாய்த் தண்ணீரில் தலை முழுகி, கொட்டுகிற மழையில் ஈரச் சேலையோடு கோயிலைச் சுற்றினார். போன வாரம் திங்கள், செவ்வாய், புதன். புதன் இரவே காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் மூச்சு இழுக்கும்போதும், “அவனுக்குச் சொல்லிப்புடாதீங்க, வேல கெட்டுப்போகும்” என்றுதான் சொன்னார். அதனால்தான் இந்தத் திங்களோடு உங்கள் மூன்று இரவும் முடியும்வரை அப்பா யாரையும் உங்களுக்குப் போன் பண்ண விடவில்லை. மகன் செய்ய வேண்டியதையும் அவரே செய்தார்.

அண்ணா, நீங்கள் போயிருந்த சிலி நாட்டு மலைக்கும் நம் மழைக்கும் சம்பந்தமே இல்லை என்று எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்புவரை படித்தவள்தானே. முதல் நாளே சொல்ல வாயெடுத்தேன். “இத்தன வருசத்துல அவனுக்குன்னு என்னத்தடி செஞ்சேன், இதாச்சும் செய்யிறேனே” என்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவில்லை. பாவி, சொல்லித் தொலைத்திருக்கலாம். ஒரு வார்த்தை. நீங்கள் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன்.

பதினாறாம் நாளுக்குள் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வராது. அதற்காக மனதைப் போட்டு உடைத்துக்கொள்ளாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அப்பாதான் சோறு இறங்காமல் கிடக்கிறார். நேற்று மலையில் அம்மாவைப் புதைத்த இடத்துக்குப் போய், “நாகலெட்சுமி, ஒரு மேகம் வரலையாம்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தார். அம்மா நேர்ந்ததால்தான் அங்கே வானம் தெளிந்தது என்று லயத்தில் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது அவரைத் தாங்கி நிறுத்துவது அது ஒன்றுதான்.

எனக்குத் தெரிந்தது உங்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். படித்த வாயால் பொய் சொல்ல உங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனாலும் அண்ணா, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அப்பாவுக்குக் கடிதம் எழுதும்போது, ஆமாம், அம்மாவால்தான் என்று எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
பூரணி