பத்திரச் செலவு அப்பாவுடையது

மைசூர்
ஆகஸ்ட் 1996

சிரஞ்சீவி ஹேமந்துக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி தவிர வேறு குறை இல்லை, எனக்கு வயிற்றெரிச்சல் தவிர வேறு குறை இல்லை. நீங்கள் மூவரும் சௌக்கியம் என்று உன் கடிதத்தில் கண்டு சந்தோஷம். உன் அணைக்கட்டு இலாகா உன்னை டென்வருக்கு மாற்றினதும் அங்கே வீடு வாங்கியாயிற்று, வக்கீல் ஃபீஸ், பத்திரப் பதிவு என்று எல்லாச் செலவையும் அமெரிக்க சர்க்காரே திருப்பிக் கொடுத்துவிட்டது, கவலைப்படாதீர்கள் என்று எழுதியிருக்கிறாய். கவலை எங்கே படுகிறேன், பொறாமைதான் படுகிறேன். ரயில்வேயில் ஆயுசு முழுக்கக் குப்பை கொட்டினேன், ஹாசன், அரசிக்கெரே, ஹூப்ளி என்று பந்தாடினார்கள், சாமான் ஏற்ற ஒரு வேகனும் நமக்கெல்லாம் பாஸும் தந்ததோடு சரி. வீடு வாங்கினாயே, பத்திரத்துக்கு என்ன செய்தாய் என்று ஒரு ஆபீசர் கேட்டதில்லை. இதையே நான் சொல்லிக்கொண்டிருப்பதில் அம்மாவுக்குக் கோபம், பிள்ளைக்கு நல்லது நடந்தா இப்படியா மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பேள் என்கிறாள்.

பொறாமை உன் மேல் இல்லையடா, உன் சர்க்கார் மேல். நம் குடும்பத்தில் பிள்ளை வீடு வாங்கினால் பத்திரச் செலவு அப்பாவுடையது. இந்த வீட்டைப் பதிந்த அன்று உன் தாத்தா கொள்ளேகாலிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசலில் பணத்தை என் சட்டைப் பையில் திணித்தார். அதற்கப்புறம் எப்போது வந்தாலும் நடு ஹாலில் காலை நீட்டிப் படுப்பார், காபிக்குச் சர்க்கரை போதவில்லை என்று அம்மாவை அதட்டுவார், நான் வாயைத் திறக்க முடியாது. வீடு பார்க்கிறேன் என்று நீ எழுதினதுமே பேங்கில் போட்டிருந்த டெபாசிட்டை உடைத்துவிட்டேன், உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அமெரிக்காவுக்கு அனுப்பணும் என்றதும் கவுண்டரில் இருந்த மஞ்சுநாத், ஏன் ஸ்வாமி, எல்லாரும் அங்கேர்ந்து இங்கே வரவழைக்கிறாங்க, நீங்க உல்டா பண்றீங்களே, ரூல்ஸ் இடம் கொடுக்காதே என்று சிரித்தான். அவனோடு மல்லுக்கட்டிவிட்டு வீடு திரும்பினால் உன் கடிதம் வாசலில் கிடக்கிறது. முகம் தெரியாத ஒரு சர்க்கார் என் இடத்தில் உட்கார்ந்துகொண்டுவிட்டது. நாளைக்கு நான் அங்கே வந்தால் எந்த உரிமையில் காலை நீட்டிப் படுப்பேன், நீயே சொல்லு.

சாப்பாடுகூட இறங்கவில்லை. கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தபோதுதான் ஓரத்தில் நீ பொடியாக எழுதியிருந்தது கண்ணில் பட்டது, கதவுப் பூட்டு மாற்றின செலவை மட்டும் ஆபீஸ் ஒப்புக்கொள்ளவில்லையாமே. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உடனே ஆட்டோ பிடித்து தேவராஜ மொஹல்லா போய், நாலு கடை ஏறி இறங்கி, கனமாக ஒரு பித்தளைப் பூட்டு வாங்கிவிட்டேன். எதிர்வீட்டு கௌரம்மாவின் பெண் மாதக் கடைசியில் அங்கே வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். இங்கே கதவோடேயே பூட்டு இருக்கே என்று உன் பெண்டாட்டி தாரணி சிரிப்பாள், சிரிக்கட்டும். பின்பக்கம் ஒரு ஷெட் இருப்பதாக எழுதினாயே, அதற்குப் போடு.

குழந்தை ஷ்ரேயாவோடு நீங்கள் மூவரும் அந்த வீட்டில் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் தினமும் வேண்டிக்கொள்கிறோம். பனி நாளில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. பூட்டோடு ஒரு சாவிதான் வரும், இன்னொன்று எங்கே என்று தேடாதே. அதை என் பூணூலில் முடிந்துகொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
வைத்யநாதன்