வெள்ளைக் கல்லில் மீன் கறி

சனிக்கிழமை இரவு

சமையல் மேடைக்கு வெள்ளைக் கல்தான் என்று என் வீட்டுக்காரருக்கு ஒரு மாதமாகப் பிடிவாதம். இன்று அவரோடு கிள்ளானில் உள்ள கல் கடைக்கு ஒரு டப்பாவில் மீன் கறி கொண்டுபோனேன்.

"கறையே பிடிக்காதுக்கா," என்றார் கடைக்காரர்.

"அப்போ ஊத்திப் பாப்போம் லா," என்று வெள்ளை மாதிரிக் கல்லிலும் கருப்பு மாதிரிக் கல்லிலும் ஊற்றினேன். வீட்டுக்காரர் யாரோ மாதிரி வாசலுக்குப் போய்விட்டார். பக்கத்துக் கடையில் நிதானமாக ஒரு தே தாரேக் டீ குடித்துவிட்டு வந்து துடைத்தேன். கருப்பு பளபளத்தது. வெள்ளையில் மஞ்சள் வட்டம். கடைக்காரர் சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. கருப்புக்கே ஆர்டர் கொடுத்தேன்.

இப்போது ஹாலில் அவர் தன் அக்காவிடம் போனில் பேசுகிறார்: "வெள்ளை வேணாம்க்கா. நானே கறி ஊத்திப் பாத்துட்டேன்."

சொல்லிக்கொள்ளட்டும். மேடை கருப்புதான்.