அவரிடம் மட்டும் சொல்லாமல் விட்டது

என் அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் உன் தங்கையும் நலம். இந்தத் தடவை இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, உண்மையிலேயே நலம். நீயும் உடம்புக்கு ஒன்றும் வராமல், வேளைக்குச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி எழுகிறாய் என்று நம்புகிறேன். முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன், அப்பா இன்று வேலைக்குப் போய்விட்டு வந்தார். சட்டையெல்லாம் கிரீஸ் கறை. அதைத் துவைக்கப் போட மனசு வராமல் நாற்காலியிலேயே மாட்டி வைத்திருக்கிறேன், உன் தங்கை என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவள் முடியைக் கழுத்து வரைக்கும் வெட்டிக்கொண்டு வந்து ஒரு வாரம் வீட்டுக்குள் நடமாடியும் அப்பா கவனிக்கவில்லை. நேற்றுத்தான் திடீரென்று பார்த்து, “ஏய், முடி எங்கடி?” என்றார். அவள் கோபப்படாமல் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். அவர் பழையபடி நம்மைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

போனில் நான் உனக்குப் பாதிதான் சொன்னேன், அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், எப்படிச் சொல்வது. இப்போது முழுக்கச் சொல்கிறேன். அந்தப் பழைய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்டுக்குப் புது பிரேக் மாட்டினார்கள் அல்லவா, அப்பா மொட்டைமாடியில் மோட்டார் அறையில் நின்றார், அவரோடு வேலை பார்க்கிற மீசை மாமா லிஃப்ட் பெட்டியின் மேல் ஏறி நின்றார். மாமா வயர்லெஸ்ஸில், “அண்ணே, கொஞ்சம் இறக்குங்க” என்று சொல்ல, அப்பா பட்டனை அழுத்தினார். பிரேக் பிடிக்கவில்லை. பெட்டி சரிந்து இறங்கி ஒரு குலுக்கலோடு நின்றது, அந்தக் குலுக்கலில் மாமாவின் கால் பெட்டிக்கும் சுவர் இரும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கம்பெனியில் விசாரித்து, வந்த பாகமே கோளாறு, அப்பா மேல் தப்பே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அப்பாவுக்கு அது காதிலேயே ஏறவில்லை. “அழுத்தினது என் விரல்தானே” என்று அந்த ஒரு பேச்சுத்தான். காலை எடுக்க வேண்டி வருமோ என்று டாக்டர்கள் சொன்ன நாளிலிருந்து அந்தப் பேச்சும் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிப் பக்கமே போகமாட்டேன் என்றார். ஆலயத்துக்கு வந்தார், ஆனால் கடைசி பெஞ்சில் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். வீட்டில் குடும்ப ஜெபம் என்றால், “நீயே பண்ணிடு” என்று எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா, ஊர் முழுக்கச் சொன்னேன். பெரியம்மாவுக்குச் சொன்னேன், பெண்கள் ஜெபக் குழுவில் சொன்னேன், போதகரை வாசலிலேயே மறித்துச் சொன்னேன், உனக்கும் சொன்னேன், நான் வேலை பார்க்கிற சலவைக் கடைக்குக் கோட்டுக் கொடுக்க வந்த ஒரு அம்மா கழுத்தில் சிலுவையைப் பார்த்து அவரிடமும் சொன்னேன். எல்லாரும் ஜெபிக்கிறோம் என்றார்கள், ஜெபித்தும் இருப்பார்கள், பாவம். நானும் தினம் முழங்காலில் நின்றேன், ஸ்தோத்திரம், நன்றி, எல்லாரையும் காத்தருளும், ஆமென் என்று முடித்துவிட்டு எழுந்து சமையலைப் பார்ப்பேன்.

ஒரு நாள் மாமாவைப் பார்க்கப் போனேன். காலைக் கம்பியால் கட்டித் தூக்கி வைத்திருந்தார்கள், மீசையை மட்டும் ஜோராகச் சீவி வைத்திருந்தார். எப்படி இருக்கீங்க என்றதும், “எனக்கென்ன அண்ணி, காலையில கண்ணு முழிச்சதும் ஆண்டவர்கிட்ட சண்டைதான். ஏன் என் காலு, வேற காலே கிடைக்கலையான்னு கேப்பேன். அழுவேன். அப்புறம் பசிக்கும், இட்டதைச் சாப்பிடுவேன்” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஆண்டவரிடம் இப்படியா பேசுவது என்றேன். “வேற யார்கிட்ட பேசச் சொல்றீங்க? நர்ஸ்கிட்ட பேசினா ஊசி போடுறாங்க” என்றார். பிறகு மெதுவாக, “அண்ணன் அவர்கிட்ட என்ன சொல்றாரு?” என்று கேட்டார். அவர் ஜெபமே பண்ணுவதில்லை என்றேன். “நீங்க?” என்றார். நான் வாயைத் திறந்தேன், எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன் என்றுதான் வந்தது. மாமா சிரித்த சிரிப்பில் கட்டிலே ஆடியது. “அப்ப ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, அவரை மட்டும் விட்டுட்டீங்க” என்றார்.

பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதுதான் மண்டைக்குள் ஓடியது. மறுநாள் கடையில் பின்னறைக்குப் போனேன், தேய்த்த கோட்டுகள் வரிசையாகத் தொங்குமே அங்கே. இஸ்திரி மெஷின் ஆவி விடுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்து வாய்விட்டே பேசினேன். தேவரீர், உம்முடைய என்கிற ஆலயத் தமிழெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை, வீட்டில் பேசுகிற மாதிரி நீங்க, நீங்க என்றுதான் வந்தது. “உங்கமேல எனக்குக் கோபம். இத்தனை வருஷம் உழைச்ச மனுஷனை இப்படி உட்கார வெச்சுட்டீங்க. எனக்கு பயமா இருக்கு, அவரு பால்கனியில நின்னாலே பயமா இருக்கு” என்றேன். அதோடு நிற்கவில்லை கண்ணா. எனக்குள் இருக்கிறது என்று எனக்கே தெரியாத ஒன்று வெளியே வந்தது. விபத்து என்று போன் வந்த அன்று, அடிபட்டது அப்பா இல்லை, மாமா என்று கேட்டதும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. ஒரு நொடிதான். அதை நான் அப்படியே அமுக்கி வைத்துவிட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டுதான் எல்லாரையும் ஜெபிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன் போல. அதையும் சொல்லி, “என்னை மன்னிச்சிடுங்க, எனக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியல” என்று கோட்டுகளுக்கு நடுவில் நின்று அழுதேன். வானத்திலிருந்து ஒரு பதிலும் வரவில்லை. ஆனால் இறுக்கிக் கட்டியிருந்த மூட்டையை அவிழ்த்து வைத்த மாதிரி மூச்சு விட முடிந்தது. வெளியே வந்தால் முதலாளி முகம் வெளிறி நிற்கிறார். “அக்கா, என்மேல ஏதாவது குறைன்னா என்கிட்டயே நேரா சொல்லியிருக்கலாமே, கோட்டுகிட்ட ஏன் சொல்றீங்க?” என்றார். உங்களை இல்லை, மேலே இருக்கிறவரைச் சொன்னேன் என்றேன். அவர் மாடி வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டு, “ஆமா, அந்தாளு அப்படித்தான்” என்று போய்விட்டார்.

அன்று சாயங்காலமே அப்பாவை உட்காரவைத்து, ஆண்டவரிடம் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன், அந்த ஒரு நொடிச் சந்தோஷத்தையும். என்னை வெறுத்துவிடுவார் என்று பயந்தேன். ஆனால் அவர், “எனக்கும் அதேதான். அவன் அலறினான். நல்லவேளை கீழ நான் இல்லைன்னுதான் எனக்கு முதல்ல தோணுச்சு. அதுக்கப்புறம்தான் ஓடினேன். இதை வெச்சுக்கிட்டு நான் எந்த மூஞ்சியோட அவர் முன்னாடி போய் நிப்பேன்?” என்றார். பட்டனை அழுத்திய விரல் இல்லை, இதுதான் அவரை அரித்துத் தின்றிருக்கிறது. ஆண்டவருக்குத் தெரியாதா என்ன, இந்த மூஞ்சியோடவே போங்க என்றேன். எனக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. அப்பா கண்ணை மூடவில்லை, தலையையும் குனியவில்லை. “ஆண்டவரே, நான்தான்” என்றார். முதலில் திக்கித் திக்கி வந்தது, பிறகு வந்துகொண்டே இருந்தது, நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அது அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில்.

மறுநாள் தானாகவே சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். மாமாவிடமும் அதைச் சொல்லிவிட்டார். மாமா, “நான் மேல நின்னிருந்தா எனக்கும் அதான் தோணியிருக்கும் அண்ணே. சரி, அந்த ஆரஞ்சை உரிங்க, இந்தக் கையில ஊசி குத்தி வெச்சிருக்காங்க” என்றாராம். அப்பா உரித்து உரித்து ஊட்டியதில் பக்கத்தில் இருந்த அத்தைக்கு ஒரு சுளைகூட மிஞ்சவில்லையாம், அத்தைதான் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

மாமாவின் கால் தப்பிவிட்டது கண்ணா, எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இனி சாய்ந்து சாய்ந்துதான் நடப்பாராம், லிஃப்ட் மேல் ஏற முடியாது, கம்பெனி ஸ்டோரில் வேலை தருகிறார்கள். அதற்காக மாமா இன்னும் ஆண்டவரிடம் வழக்காடிக்கொண்டுதான் இருக்கிறார், அப்பாவும் கூட உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அப்பாவுக்கும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். இன்று காலை பட்டனுக்கு முன்னால் நின்றதும் கை நடுங்கியதாம். “கை நடுங்குது, கூடவே நில்லுங்கன்னு சொன்னேன். நடுக்கம் போகல. ஆனா தனியா இல்லைன்னு இருந்துச்சு. அழுத்திட்டேன்” என்றார். இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இதையெல்லாம் உனக்கு எழுதக் காரணம் இருக்கிறது. போன வாரம் நீ, புது வேலையில் மூச்சு முட்டுகிறது, ஜெபம் பண்ண வார்த்தையே வரவில்லை, நீங்கள் எனக்காக ஜெபித்தால் போதும் என்றாய். நான் ஜெபிப்பேன், என் உயிர் இருக்கிற வரைக்கும் ஜெபிப்பேன். ஆனால் போதாது. நல்ல வார்த்தை வரும் என்று காத்திருக்காதே. மூச்சு முட்டுகிறது என்று எனக்குச் சொன்னாயே, அதையே அவருக்குச் சொல். கோபமென்றால் கோபம் என்று சொல், சொல்ல வெட்கமாக இருப்பதை முதலில் சொல். அவர் பயந்து ஓடிவிடமாட்டார். குளிருக்குக் காது மூடுகிற தொப்பியைப் போட்டுக்கொள், ராத்திரிச் சாப்பாட்டைத் தட்டிக்கழிக்காதே.

உன்னை எங்களுக்குத் தந்தவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நீ எடுக்கிற வேலையில் கையை உறுதியாக்கி, உன் மனசுக்கு அமைதி தரட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது என்னிடம் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்காதே, நேராக அவரிடமே கேள். இப்போது சொல்கிறார்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா