ஒரே நேரத்தில் ஊதிய இரண்டு பலூன்கள்

அண்ணை,

இன்று காலை, உரிய ஆலோசனைக்கும் இரண்டாவது தேத்தண்ணிக்கும் பிறகு, நமது எல்லை வேலியில் நட்டிருந்த ஒரு கதியால் தடியைப் பிடுங்குவதில்லை என்ற வரலாற்று முடிவை எடுத்தேன். வேலியடைக்க வந்தவர் குழி தோண்டும் அலவாங்குடன் காத்து நின்றார். வெட்டிப்போட்ட கிளுவைத் தடிகளின் பச்சை மணம் உங்களைக் கூட்டிவந்துவிட்டது.

கரவெட்டியில் நம் இரண்டு வளவுகளுக்கும் நடுவிலிருந்த அந்த வேலி ஓரிடத்தில் நின்றதில்லை. அடைக்கும் போதெல்லாம் ஒன்றில் உங்கள் பக்கம் நகரும், இல்லையேல் என் பக்கம். அதனால் நாம் நெடுநாள் பேசாமலிருந்ததும் உண்டு. பேசிய நாட்களைவிட அவை மரியாதையான நாட்கள்.

பிறகு, வாசல் படலைவரை நடந்தாலே உங்களுக்கு நெஞ்சு இறுகத் தொடங்கியது. பிள்ளைகள் வெளிநாட்டில். ஆஸ்பத்திரிக்குத் துணைவர உங்கள் மனைவி, என் அக்கா முறை, வேலிக்கு மேலால் என்னைத்தான் கூப்பிட்டார்.

இளம் டொக்டர் திரையில் படத்தைக் காட்டினார். இதயத்துக்குப் போகும் குழாய் இரண்டாகப் பிரியும் சந்தியில் அடைப்பு. தாமதித்தால் உயிருக்கு ஆபத்து, பலூன் விட்டு விரிக்கவேண்டும் என்றார்.

“நெஞ்சுக்குள்ளை பலூன் ஊத அதென்ன கோயில் திருவிழாவோ? எழும்பும், போவம்” என்று என் கையைப் பிடித்தீர்கள். அக்கா உங்கள் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

டொக்டர் கோபிக்கவில்லை. “ஐயா, பெரிய குழாயிலை மட்டும் ஊதினால் கொழுப்புத் தள்ளுப்பட்டுப் பக்கக் கிளையின்ரை வாயை அடைச்சுப்போடும்…”

நீங்கள் திரும்பவும் உட்கார்ந்தீர்கள். “வேலி தள்ளுற வேலை. உவரைக் கேளுங்கோ, உவருக்கு நல்ல அனுபவம்” என்று என்னைக் காட்டினீர்கள்.

“அதுதான், ரெண்டு கிளையிலையும் ரெண்டு பலூனை விட்டு ஒரே நேரத்திலை ஊதுவம். ஒண்டை ஒண்டு தள்ள ஏலாது. கிஸ்ஸிங் பலூன் எண்டு பேர்.”

“இந்த வயசிலையோ!” என்று அக்கா வாயைப் பொத்தினார்.

உங்கள் கவலை வேறாக இருந்தது. “ரெண்டையும் ஒராளோ ஊதுறது?”

“இல்லை ஐயா, ரெண்டு பேர். ஒரே சொல்லிலை.”

“அப்ப சரி. ரெண்டு பக்கமும் ஆள் நிண்டால் களவு வராது” என்று சம்மதித்தீர்கள். மருத்துவத்துக்கு இதைவிடப் பெரிய நற்சான்று கிடைத்திருக்காது.

வீடு திரும்பிய பிறகு வேலிக்கும் அதே சிகிச்சை என்று அறிவித்தீர்கள். உங்கள் பக்கத்தில் நீங்கள், என் பக்கத்தில் நான், நடுவே ஒரே கயிறு, ஒரே சொல். நெஞ்சு உங்களை மீண்டும் தொந்தரவு செய்யவில்லை, வேலியும் என்னை. கடைசியில் முதுமை வந்து உங்களைக் கூட்டிப்போனது. டொக்டரின் சந்தி அப்போதும் திறந்தே இருந்தது.

இன்று மறுபக்கக் கயிற்றைப் பிடித்தவர் அக்கா. “இறுக்கிப் பிடியும், மனுசன் பாத்துக்கொண்டிருக்கும்” என்றார். கயிறு எல்லாக் கதியாலையும் தொட்டுக்கொண்டு போனது, ஒன்றைத் தவிர.

“உது விலகி நிக்குது ஐயா, பிடுங்கட்டோ?” என்றார் அலவாங்குக்காரர்.

“வேண்டாம். அது வேர் விட்டிட்டுது.”

போன முறை வேலியடைத்தபோது, நான் தேத்தண்ணி எடுக்க உள்ளே போன நேரத்தில், நீங்கள் தனியாக நட்ட கதியால் அது. என் காணிக்குள் ஒரு சாண் உள்ளே நிற்கிறது.